கழுத்தில் இருக்கும் கைகள் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் ஒரு குறிப்பில் ‘பாபிலோன் 5’ தொடரைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதை நம்பித்தான் பார்க்க ஆரம்பித்தேன். முதல் சீசன் முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டே பார்த்தேன், மன்னிக்கவும். இரண்டாவது சீசன் பாதியில் திட்டுவது நின்றுபோனது. போன வாரம் ஐந்து சீசனும் முடிந்தது.

எனக்குப் பிடித்த ஜோடி டெலென் – ஷெரிடன். கடைசி அத்தியாயத்தில் அழுதேன். ஆனால் பிடித்த பாத்திரம் யார் என்று கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. லோண்டோ. தோழி ஒருத்தியிடம் சொன்னபோது, “ஒரு கிரகத்தையே நாசமாக்கியவனைப் போய்ப் பிடிக்கிறது என்கிறாயே” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அவனை ஜிகார் மன்னிக்கும் காட்சியும் நெருடியது. அடிபட்டவன்தான் எப்போதும் பெருந்தன்மையாக இருக்க வேண்டுமா? லிஃப்ட் காட்சியில் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதோ என்று அப்புறம் தோன்றியது.

உங்களுக்கு இந்தத் தொடரில் பிடித்த உறவு எது?

க.

*

அன்புள்ள க.,

முதல் சீசனுக்கு நான் பொறுப்பேற்க முடியாது. ஆனால் அதைத் தாண்டாமல் மற்றது கிடைக்காது என்பதால், திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1993ல் ஒரு முன்னோட்டப் படம், பிறகு 1994 முதல் 1998 வரை ஐந்து சீசன்கள், 110 அத்தியாயங்கள். அதில் 92ஐ எழுதியவர் தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி. விண்வெளியில் ஒரு நிலையம், பல இனங்களின் தூதர்கள் கூடிப் பேசுவதற்காகக் கட்டியது. சென்டாரிகள் பழைய பேரரசுக்காரர்கள், இப்போது கையில் மிச்சமிருப்பது பெருமை மட்டும்தான். நார்ன்கள் அவர்களிடம் ஒரு நூற்றாண்டு அடிமைப்பட்டுக் கிடந்து மீண்டவர்கள். சென்டாரித் தூதன் லோண்டோ மொலாரி, நார்ன் தூதன் ஜிகார். மின்பாரி என்ற இன்னொரு இனத்தின் தூதர் டெலென், இரண்டாவது சீசனிலிருந்து நிலையத்தின் தலைவன் ஷெரிடன் என்ற மனிதன். இனி எழுதப்போவதில் முடிவு வரைக்கும் எல்லாம் வந்துவிடும், பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்த உறவு இந்த இரண்டு பேருடையது. இதை நட்பு என்று சொன்னால் கொஞ்சம் பொய், பகை என்று சொன்னால் பாதி உண்மை. தமிழில் இதற்கு ஒரு சொல் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

முதல் சீசனின் முதல் அத்தியாயத்திலேயே லோண்டோ தன் சாவைச் சொல்லிவிடுகிறான், நினைவிருக்கிறதா? சென்டாரிகளுக்குத் தங்கள் மரணம் கனவில் வரும். லோண்டோவின் கனவில் இருபது வருடம் கழித்து அவன் கிழவன். அவன் கைகள் ஒருவன் கழுத்தில், அந்த ஒருவனின் கைகள் அவன் கழுத்தில். அந்த முகம் ஜிகாருடையது. கேட்கிற நாம் என்ன நினைக்கிறோம்? கீரியும் பாம்பும், கடைசியில் ஒன்றையொன்று கொன்று தீர்க்கப்போகின்றன, அவ்வளவுதான் என்று. பகையின் உச்சம் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது, இனி அங்கே போய்ச் சேரும் வழியைப் பார்த்தால் போதும் என்று உட்கார்கிறோம்.

மூன்றாவது சீசனில் அந்தக் காட்சி முழுசாக வருகிறது. சக்கரவர்த்தி லோண்டோவின் தோளில் ஒரு ஒட்டுண்ணி உட்கார்ந்து அவனை ஆட்டிப்படைக்கிறது. குடித்தால் மட்டும் அது சற்று நேரம் தூங்கும். அந்த இடைவெளியில் ஷெரிடனையும் டெலெனையும் தப்பவிடுகிறான். ஒட்டுண்ணி விழித்துக்கொண்டால் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஜிகாரைக் கூப்பிட்டு, என்னைக் கொன்றுவிடு என்கிறான். ஜிகார் கழுத்தைப் பிடிக்கிறான். ஒட்டுண்ணி விழிக்கிறது, லோண்டோவின் கைகளைத் தூக்கி ஜிகாரின் கழுத்தில் வைக்கிறது.

கனவில் கண்டதில் ஒரு இம்மி மாறவில்லை. ஆனால் நாம் பகை என்று படித்தது, ஒருவன் கேட்க இன்னொருவன் செய்த கடைசி உதவி. தன் உயிரை ஒருவன் கையில் கொடுக்க நினைத்தபோது லோண்டோவுக்கு ஜிகாரைத் தவிர வேறு ஆள் இல்லை. இதில் எனக்குப் பிடித்தது, இந்த அர்த்தமாற்றத்தைத் தொடர் கடைசிவரை ஒளித்துவைக்கவில்லை என்பது. மூன்றாம் சீசனிலேயே காட்டிவிட்டு, இந்த இருவர் எப்படி அங்கே போனார்கள் என்று மீதி இரண்டு சீசன் சொல்கிறது. அந்தக் காட்சியில் ஜிகாருக்கு ஒரு கண் இல்லை. ஏன் என்பது நான்காவது சீசனில்தான் தெரியும்.

சரி, உங்கள் தோழிக்கு வருகிறேன்.

அவர் சொன்னது தவறில்லை. லோண்டோ செய்ததைத் தொடரே மன்னிப்பதில்லை. இரண்டாவது சீசனில் சென்டாரிச் சக்கரவர்த்தி நிலையத்துக்கு வருகிறாரே, அந்த அத்தியாயத்தைத் திரும்பப் பாருங்கள். 1996ல் அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது வாங்கிய அத்தியாயம் அது. ஜிகார் அவரைக் கொல்லத் தயாராக இருக்கிறான். அவர் வந்ததோ நார்ன்களிடம் மன்னிப்புக் கேட்க. விஷயம் தெரிந்ததும் ஜிகார் மனம் இளகி, லோண்டோவைத் தேடிப்போய்க் குடிக்க வாங்கித் தருகிறான். லோண்டோ ஏற்கெனவே நார்ன் குடியேற்றம் ஒன்றைத் தாக்க ஆள் அனுப்பிவிட்டான். அந்தக் கோப்பையைக் கையில் வாங்கும்போது லோண்டோவாக நடித்த பீட்டர் ஜுராசிக் முகத்தைக் கவனியுங்கள். அங்கிருந்து எழுந்து ஓடிப்போய் நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்று நமக்குக் கால் பரபரக்கும். அவன் போவதில்லை, குடிக்கிறான்.

பிறகு சென்டாரிக் கப்பல்கள் நார்ன் கிரகத்தின் மேல் பாறைகளைப் பொழியும்போது, லோண்டோ கப்பல் ஜன்னல் அருகே நின்று பார்க்கிறான். வசனம் கிடையாது. கண்ணாடியில் அவன் முகமும் வெளியே எரிகிற கிரகமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. நீங்கள் லோண்டோவைப் பிடிக்காமல் பார்த்திருந்தால் இந்தக் காட்சி உங்களுக்கு ஒன்றுமே செய்திருக்காது. ஒரு கொடியவன் ஜன்னலில் நிற்கிறான் என்று கடந்திருப்பீர்கள். ஒன்றரை சீசனாக அவனுடைய விசிறி முடியையும் சூதாட்டத்தையும் குடிபோதைப் பாட்டையும் ரசித்து, அவனை நம் ஆள் என்று வைத்துக்கொண்டதால்தான் வயிற்றைப் பிசைகிறது. பிடிக்க வைத்ததே அதற்காகத்தான். ஒருவனைப் பிடிப்பதும் அவனை விடுதலை செய்வதும் வேறு வேறு என்று தோழியிடம் சொல்லிப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விதான் கடிதத்திலேயே முக்கியமானது. அடிபட்டவன் எதற்குப் பெருந்தன்மை காட்ட வேண்டும்? இதற்குப் பதில் சொல்ல விர் வேண்டும். லோண்டோவின் உதவியாளன் விர் கோட்டோ, பயந்த சுபாவம், குண்டு, பேச்சு குழறும். நார்ன் வீழ்ந்த அடுத்த அத்தியாயத்தில், லிஃப்டில் ஜிகாரோடு தனியாக மாட்டிக்கொள்கிறான். (இந்தத் தொடரில் முக்கியமானதெல்லாம் லிஃப்டில்தான் நடக்கிறது.) தட்டுத்தடுமாறி, நடந்ததற்கு வருந்துகிறேன் என்கிறான். ஜிகார் தன் உள்ளங்கையைக் கத்தியால் கீறி, சொட்டுச் சொட்டாக இரத்தத்தை விழவிடுகிறான். ஒவ்வொரு சொட்டுக்கும் செத்தான், செத்தான், செத்தான். இவர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பாய்? முடியாது என்கிறான் விர். அப்படியென்றால் என்னாலும் மன்னிக்க முடியாது என்கிறான் ஜிகார்.

அந்த விர் நடந்ததில் எந்தப் பங்கும் இல்லாதவன், வேண்டாம் வேண்டாம் என்று லோண்டோவிடம் கெஞ்சியவன். அவனுக்கே மன்னிப்பு இல்லை. இப்போது ஐந்தாவது சீசனுக்கு வாருங்கள். லோண்டோ அரியணை ஏறப்போகிறான், விடைபெறும் நேரம். ஜிகார் சொல்வதைச் சரியாகக் கேட்டால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. என் மக்கள் உன் மக்களை மன்னிக்க மாட்டார்கள், உன் மக்களை நானும் மன்னிக்க மாட்டேன், உன்னை மட்டும் என்னால் மன்னிக்க முடியும் என்கிறான். லிஃப்டில் சொன்னதை அவன் திரும்பப் பெறவே இல்லை. செத்தவர்கள் சார்பில் மன்னிக்கும் உரிமை அன்றும் அவனுக்கு இல்லை, இன்றும் இல்லை. தன் பங்கு என்று எது இருக்கிறதோ அதை மட்டும் எடுத்துக் கொடுக்கிறான். இதைப் பெருந்தன்மை என்று நான் சொல்லமாட்டேன். பைசா பைசாவாக எண்ணிக் கொடுக்கிற ஒருவனின் நேர்மை அது.

அதுவும் சும்மா வந்துவிடவில்லை. நடுவில் ஜிகார் ஒரு போதைப்பொருளைப் போட்டுக்கொண்டு லோண்டோவின் மனசுக்குள்ளேயே புகுந்து அவனை அடித்து நொறுக்குகிறான். பைத்தியக்காரச் சக்கரவர்த்தி கார்டேஜியாவின் அரண்மனையில் ஜிகாருக்குச் சவுக்கடி, லோண்டோ பார்த்துக்கொண்டு நிற்கிறான். அலறினால் நிறுத்துவார்கள், நாற்பதாவது அடி உயிரை எடுத்துவிடும். அலறிவிடு என்று மனசுக்குள் கெஞ்சுகிறவன் லோண்டோதான். ஐந்தாவது சீசன் தொடக்கத்தில் லோண்டோவுக்கு மாரடைப்பு. மயக்கத்தில் வரும் கனவில் ஜிகார் கேட்பது ரொம்பச் சின்னக் கேள்வி. நீ நிறுத்தியிருக்க வேண்டாம், ஏதாவது சொல்லியாவது இருக்கலாமே? கண் விழித்ததும் ஜிகாரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறான். ஆக, கேட்காமல் கிடைத்த மன்னிப்பும் இல்லை அது.

விர் பற்றி இன்னும் கொஞ்சம் பேச ஆசை. என்ன வேண்டும் என்று எல்லோரையும் கேட்டு வலையில் இழுக்கும், லோண்டோவின் தாக்குதல்களுக்குத் துணைபோன மார்டன் என்ற மனிதனுக்கு, விர் ஒருவன்தான் ஒழுங்காகப் பதில் சொன்னவன். உன் தலையை வெட்டி ஈட்டியில் சொருகியிருப்பதைப் பார்க்க வேண்டும், பார்த்து இப்படிக் கையசைக்க வேண்டும் என்று விரல்களை ஆட்டிக் காட்டுகிறான். நான்காவது சீசனில் அந்தக் கையசைப்பு அப்படியே நடக்கிறது. அதே விர், கார்டேஜியாவைத் தன் கையால் கொல்ல நேர்ந்த பிறகு குடித்துவிட்டு உடைந்து அழுவான். அவனைத் தேற்றுகிற லோண்டோவின் முகத்தில் பொறாமை போல ஒன்று இருக்கும். இவனால் இன்னும் அழ முடிகிறதே என்று. ஸ்டீஃபன் ஃபர்ஸ்ட் நடிப்பில் எனக்குப் பிடித்த ஐந்து நிமிடம் அதுதான்.

டெலென் – ஷெரிடன் பற்றி என்னிடம் சண்டை ஒன்றும் இல்லை. மின்பாரி வழக்கப்படி, விரும்பியவன் தூங்கும்போது மூன்று இரவு விழித்திருந்து அவன் நிஜ முகத்தைப் பார்ப்பது அழகான கற்பனை. டெலெனாக நடித்த மீரா ஃபுர்லான், யூகோஸ்லாவியா உடைந்துகொண்டிருந்த 1991ல் நாட்டை விட்டு அமெரிக்கா வந்தவர். மனிதர்களுக்கு எதிரான மின்பாரிப் போரைத் தொடங்கிவைத்த குற்ற உணர்வை டெலென் சுமக்கும் இடங்களில் அவர் குரலில் ஒரு கனம் இருக்கிறது. ஆனால் ஷெரிடன் எனக்கு எப்போதும் ஒரு படி அதிகமாகவே சரியான ஆள். அவனைவிட, டெலெனை வாய் திறக்காமல் நேசித்து, ஒரு விபத்தில் ஷெரிடனைச் சாகவிட்டு ஓடி, பிறகு மனம் மாறித் திரும்பி வரும் அவளுடைய உதவியாளன் லெனியர்தான் நினைவில் நிற்கிறான். காலம் கடந்துவிட்டிருக்கும். சாகக் கிடக்கும் நிலைய அதிகாரி இவானோவாவுக்காக, ஒருவர் உயிரை இன்னொருவருக்கு ஏற்றும் இயந்திரத்தில் தன் உயிரையே மாற்றிக் கொடுக்கும் மார்க்கஸை ரசிகர்கள் கொண்டாடுவார்கள். எனக்கு அது கொஞ்சம் சர்க்கரை அதிகம். அந்த இயந்திரத்தை முதல் சீசனிலேயே காட்டிவைத்திருந்தார்கள் என்பதற்கு மட்டும் மதிப்பெண்.

கடைசியாக, நீங்கள் சிரித்த லிஃப்ட் காட்சி. நார்ன் வீழ்ந்த பிறகு நடப்பது. வெடிகுண்டு, புகை, லோண்டோவும் ஜிகாரும் உள்ளே சிக்கிக்கொள்கிறார்கள். சேர்ந்து முயன்றால் தப்பிக்கலாம் என்கிறான் லோண்டோ. ஒரு சென்டாரியைக் கொன்றால் ஐந்நூறு நார்ன்களைக் கொல்வார்கள், அதனால் ஜிகாரால் அவனைத் தொட முடியாது. ஆனால் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தால்? லோண்டோ சாவதைப் பார்க்கலாம், தானும் சாக வேண்டும், அதனால் என்ன! இது புரிந்ததும் ஜிகார் சிரிக்க ஆரம்பிக்கிறான், பாட்டு வேறு பாடுகிறான். முகம் முழுக்க ஒட்டிய முகமூடிக்குள்ளிருந்து ஆண்ட்ரியாஸ் கட்சுலாஸ் அந்தச் சிரிப்பை எப்படி வெளியே கொண்டுவந்தார் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். கிரகத்தை இழந்தவனே சிரிக்கும்போது நீங்கள் சிரித்ததில் என்ன தப்பு? ஆட்கள் வந்து கதவைத் திறந்ததும் லோண்டோ, பிழைத்துவிட்டேன் என்று குதூகலிப்பான். ஜிகார் சலித்துக்கொள்வான். என்ன செய்வது, குறையுள்ள பிரபஞ்சம்.