பசியாறியாச்சா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஈப்போவில் ஒரு கல்லூரியில் தொடர்பியல் டிப்ளோமா, முதல் பருவம் படிக்கிறேன். வீடு சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்தில். முதல் பாடத்திலேயே அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர், இரைச்சல், பின்னூட்டம் என்று பெட்டியும் அம்புமாக ஒரு படம். மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் அது எதிலும் பொருந்தவில்லை. பாட்டிதான் தோசை சுட்டுப் போடுகிறார். நான் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே இருக்கிறார். கை கழுவிவிட்டு வந்தால், "பசியாறியாச்சாய்யா?" என்கிறார். இதில் செய்தி எது? இன்னொன்று. இரைச்சலுக்கு எடுத்துக்காட்டு கேட்டபோது செம்பனைக் குலை லாரியின் சத்தம் என்றேன். வகுப்பே சிரித்தது. அது தவறா?

(பெயர் வேண்டாம் ஐயா.)

அன்புள்ள தம்பி,

லாரியை முதலில் அனுப்பிவிடுவோம். உன் பதில் சரி. எங்கள் வீடும் சடக்கு ஓரம்தான். லாரி போகும்போது வாசலில் நின்று பேசுகிறவர்கள் பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டு, அது போனபின் மீதியைச் சொல்வார்கள். இதைவிட நல்ல எடுத்துக்காட்டு பாடநூலில் இருக்காது.

பாட்டியிடம் வருவோம். அந்தப் படத்தின் மூலத்தை வரைந்தவர் கிளாட் ஷானன். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கணிதக்காரர். 1948-ல் எழுதினார். தொலைபேசிக் கம்பியில் எவ்வளவு அனுப்பலாம், இரைச்சலைத் தாண்டி எப்படி அனுப்பலாம் என்பது அவர் கவலை. சொல்லின் பொருள் இந்தப் பொறியியல் சிக்கலுக்குத் தேவையில்லை என்று ஆரம்பத்திலேயே எழுதிவிட்டார். அவர் படத்தில் பின்னூட்டமும் கிடையாது. அது நார்பர்ட் வீனர் என்ற கணிதவியலாளரின் சிந்தனையிலிருந்து பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 1954-ல் வில்பர் ஷ்ராம் என்ற தொடர்பியல் அறிஞர், பேசுகிறவர் கேட்கிறவர் இருவரின் அனுபவ வட்டங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில்தான் பேச்சு நடக்கும் என்று படத்தை மாற்றி வரைந்தார். ஆக, கம்பிக்குத் தைத்த சட்டையைப் பாட்டிக்கு மாட்டிப் பார்த்திருக்கிறாய். கை நுழையாதது பாட்டியின் குற்றமா?

ஷானன் தகவலை அளந்தது எப்படித் தெரியுமா? கேட்கிறவருக்கு இருக்கும் ஐயம் எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து. காசைச் சுண்டிவிட்டுத் 'தலை' என்று சொன்னால் ஒரு பிட் தகவல்; பிட் என்பது தகவலை அளக்கும் அலகு. உன் பாட்டியோ நீ தின்ற தோசையை எண்ணியிருக்கிறார். நீ சொல்லும் 'ஆச்சு' என்பதில் ஷானன் கணக்குப்படி தகவல் சுழி. சுழி என்று தெரிந்துதான் கேட்கிறார்.

1923-ல் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். டிரோபிரியாண்ட் தீவுகளில் மக்களோடு தங்கிப் பார்த்தவர். நலம் விசாரிப்பது, மழை வெயில் பற்றிப் பேசுவது எல்லாம் செய்தி சொல்ல எழுந்தவை அல்ல, ஆளோடு ஆள் ஒட்டிக்கொள்ள எழுந்தவை என்றார். நம் ஊரில் 'பசியாறியாச்சா' அந்த வகை. காலையில் பாசாரில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் வாங்கித் தருவார்களா என்பது வேறு விஷயம்.

ஆனால் விடை சொல்வதில் இருக்கிறது நுட்பம். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுத்திருந்தால் நன்னூல் என்ற இலக்கண நூலைக் கேள்விப்பட்டிருப்பாய். பவணந்தி முனிவர் விடையை எட்டாகப் பிரித்தார். சுட்டு, மறை, நேர் மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஐந்தும் குறிப்பாக விடை தருபவை. போன வாரம் கோப்பிக் கடையில் தே குடித்துக்கொண்டு இதைச் சோதித்துப் பார்த்தேன். எதிர் மேசையில் ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளர் ஒருவர். வருகிறவன் போகிறவன் எல்லாம் அவரைப் பசியாறியாச்சா என்று கேட்கிறான். முதல் ஆளுக்கு "ஆச்சு" என்றார், நேர் விடை. அடுத்தவனிடம் "பசியாறாம இங்க குந்தியிருப்பேனா?" என்றார், வினாவுக்கு எதிர் வினா. மூன்றாமவனிடம் "பல்லு வலிடா." ரொட்டி சானாய் கடித்த பல்லோ என்னவோ, உற்றது உரைத்துவிட்டார். கடைசியாக வந்தது அவருடைய சம்பந்தி. அவரிடம் மட்டும் "தே குடிச்சேன்" என்றார். இனமொழி, அதாவது கேட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது. தின்னவில்லை என்று சொல்லவில்லை, ஆனால் சம்பந்திக்குப் புரிந்துவிட்டது. இரண்டு தட்டு வந்தது. தின்ற மனிதருக்கு இரண்டாம் தடவை ரொட்டி.

சொன்னதற்கும் உணர்த்தியதற்கும் உள்ள இந்த இடைவெளியைத்தான் கிரைஸ் என்ற தத்துவவாதி 1967-ல் ஹார்வர்டில் உரையாற்றி, 1975-ல் கட்டுரையாக வெளியிட்டார். பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டு. நாம்தான் முதலில் என்று மார்தட்டச் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டும் விளங்கும் என்கிறேன்.

என் கதை ஒன்றையும் கேள். எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குக் காய்ச்சல். வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லிவிட்டு வா என்று, விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அனுப்பினார்கள். உளியும் வாளியுமாக நாற்பது பேர் நிற்கிறார்கள். மண்டோர் பேர் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் போய், "அப்பாவுக்குக் காய்ச்சல், வேலைக்கு வரமாட்டாருங்க" என்றேன். அவர் நிமிர்ந்து, "வரமாட்டாரா?" என்றார். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் சத்தமாக, "வரமாட்டாருங்க!" என்றேன். யாரோ சிரித்தார்கள். மண்டோர் ஒன்றும் பேசவில்லை. காய்ச்சல் விட்டு வேலைக்குப் போன அப்பாவுக்கு, ஏறி இறங்கிப் பால் வெட்ட வேண்டிய மேட்டுக்காட்டு நிரை கிடைத்தது, பத்து நாளைக்கு.

'வரமுடியலைங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். செய்தி ஒன்றுதான், ஆள் இன்றைக்கு இல்லை. ஆனால் 'மாட்டார்' என்றால் நீ யார் என்னைக் கேட்க என்று ஆகிவிடுகிறது. 1967-ல் வாட்ஸ்லாவிக் என்ற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும், எந்தப் பேச்சிலும் விஷயம் ஒன்று, உறவு ஒன்று என இரண்டு அடுக்கு உண்டு என்று எழுதினார்கள். என் பேச்சில் விஷயம் சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்தது. உறவுதான் உடைந்தது. கூடுதல் கூத்து என்னவென்றால், மண்டோரின் 'வரமாட்டாரா?' எனக்குக் கிடைத்த பின்னூட்டம். திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்புத் தந்திருக்கிறார். நான் அதை இரைச்சல் பிரச்சினை என்று நினைத்து ஒலியைக் கூட்டினேன்! உன் பாடத்தின் இரண்டு சொற்களையும் குழப்பிக்கொண்டதன் விலை பத்து நாள் மேட்டுக்காடு. விலை கொடுத்தது அப்பா.

அப்புறம், உன் விரிவுரைக் குறிப்பில் பேச்சில் சொல்லுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று எங்காவது இருந்தால் அப்படியே நம்பிவிடாதே. 1967-ல் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் நடத்திய ஆய்வுகள் அவை. பேசுகிறவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்துக் கணிக்கிறோம் என்று, அதிலும் ஒற்றைச் சொற்களை வைத்துச் சோதித்தது. எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். பொருந்துமென்றால் மண்டோர் என் மூஞ்சியைப் பார்த்து மன்னித்திருப்பார். அவ்வளவு பயந்துபோய் நின்றேன்.

தேர்வில் பெட்டியையும் அம்பையும் ஒழுங்காக வரைந்துவிடு, மதிப்பெண் அதற்குத்தான். பாட்டியிடம் மட்டும் அடுத்த முறை 'ஆச்சு' என்று சொல்லாமல், "சட்டினி நல்லா இருந்துச்சு பாட்டி" என்று சொல்லிப் பார். நன்னூல்படி அது எட்டில் எந்த வகை என்று எனக்கு எழுது. அதற்குள் அடுப்பில் தோசைக்கல் மறுபடி ஏறியிருக்கும்.