முகநூலில் அரசியல் எழுதலாமா? வக்கீல் அக்காவிடம் கேட்டவை

மதுரையில் வக்கீலாக இருக்கிறேன். 2011லிருந்து முகநூலில் அரசியல் எழுதுகிறேன். இரண்டு முறை போலீஸ் நோட்டீஸும் வாங்கியாயிற்று. "எழுதலாமாக்கா, பயமா இருக்கு" என்று இன்பாக்ஸில் வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில்.

தேனி, 23 வயது: அக்கா, மீம் ஷேர் பண்ணுவதைத் தாண்டி எனக்கு எழுத வரவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

உங்கள் தெருவில் ஆரம்பியுங்கள் தம்பி. 2013ல் எங்கள் தெருவில் புது வாய்க்கால் கட்டினார்கள். முதல் மழைக்கே சாக்கடை வாசலுக்கு வந்துவிட்டது. "ஊழல்" என்று ஒற்றை வார்த்தை எழுதி, போட்டோவோடு பதிவு போட்டேன். லைக் அள்ளியது. கீழே ஒருவர் மட்டும் "ஆதாரம் எங்கே மேடம்?" என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. ரோஷத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எஸ்டிமேட் நகல் கேட்டு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு அனுப்பினேன். சட்டம் கொடுக்கும் கெடு 30 நாள்; 28ஆம் நாள் கவர் வந்தது. ஆழம் ஒன்றரை அடி என்று போட்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பையனின் ஸ்கேலை வாங்கி வாய்க்காலுக்குள் இறக்கினால் ஒன்பது அங்குலம்தான் இருக்கிறது. ஸ்கேல் நிற்கும் போட்டோ, எஸ்டிமேட் பக்கம், இரண்டு வரி, அவ்வளவுதான் பதிவு. லைக் முப்பதைத் தாண்டவில்லை. ஆனால் மறுநாள் காலையில் கான்ட்ராக்டரே வீட்டுக்கு வந்து, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "அதை எடுத்துடுங்கம்மா, சரி பண்ணித் தர்றேன்" என்றார். நான் எடுக்கவில்லை. அவர் பாதித் தெருவுக்குச் சரி பண்ணினார்.

ஒருவரைப் பெயர் சொல்லி "திருடன்" என்று எழுதினால் அது அவதூறு வழக்காக வரலாம். பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356, இரண்டு ஆண்டு வரை சிறை. "எஸ்டிமேட்டில் 18 அங்குலம், தரையில் 9" என்று எழுதினால் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர்.

அரியலூர், அரசுப் பள்ளி ஆசிரியை: கல்விக் கொள்கை பற்றி எழுத நினைக்கிறேன் மேடம். வேறு பெயரில் ஐடி வைத்து எழுதினால் பிரச்சினை இல்லையே?

உண்டு டீச்சர். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 உங்களுக்குப் பொருந்தும். கட்சி அரசியல் கூடாது. அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிப்பதும் கூடாது. முகநூலும் பொதுவெளிதான். பெயரை மாற்றினாலும் அந்த ஐடியின் பின்னால் இருப்பது உங்கள் போன் நம்பர். அதைவிட, ஸ்டாஃப் ரூமில் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் போதும். மெமோவோடு நின்றால் அதிர்ஷ்டம், 17(பி), அதாவது பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை, வந்தால் இன்க்ரிமென்ட், பதவி உயர்வு எல்லாம் வருஷக்கணக்கில் தொங்கும். சங்கத்தின் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். அது கொஞ்சம் பாதுகாப்பான வழி. நியாயமான விதியா என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை இல்லை. ஆனால் சம்பளம் போவது உங்களுக்கு, எனக்கில்லை.

கோவை, ஓய்வு பெற்றவர்: அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தான் அட்மின். தேர்தல் நேரத்தில் கண்டதையும் போடுகிறார்கள். என்னைப் பிடிப்பார்களா?

வெறும் அட்மின் என்பதற்காகக் குற்றவாளி ஆக மாட்டீர்கள் சார். கரூர் வக்கீல்கள் குரூப் ஒன்றின் அட்மின் மீது போட்ட வழக்கில், அவர் பங்கு அட்மின் என்பதோடு நின்றால் பெயரை நீக்கிவிட வேண்டும் என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லிவிட்டது. ஃபார்வர்டு செய்தவர் கதை வேறு. பெண் பத்திரிகையாளர்கள் பற்றிய ஒரு பதிவை 2018ல் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர், படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார், அழித்தார், மன்னிப்பும் கேட்டார். அனுப்பிய செய்தி வில்லிலிருந்து விட்ட அம்பு என்று சொல்லி, வழக்கை ரத்து செய்ய சென்னை உயர் நீதிமன்றம் 2023ல் மறுத்தது. 2024ல் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அதற்கப்புறம் மேல்முறையீடு. ஒரு ஃபார்வர்டுக்கு இத்தனை வருஷம்!

திண்டுக்கல்: கிண்டல் பண்ணினாலும் கேஸா?

போடுவார்கள். உங்கள் ஊர் சிறுமலைதான் உதாரணம். குடும்பத்தோடு மலைக்குப் போன அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், "துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலை பயணம்" என்று போட்டோவுக்கு மேலே எழுதினார். அரசுக்கு எதிராகப் போருக்கு ஆயத்தம் என்ற அளவுக்கு வாடிப்பட்டி போலீஸ் பிரிவுகளைப் போட்டது. உயர் நீதிமன்றம் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தது. சிரிப்பதையும் அடிப்படைக் கடமையாகச் சேர்க்கலாம் என்ற ரீதியில் போகும் அந்தத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள், சிரிப்பு நிச்சயம். ஆனால் கோர்ட்டுக்கு நடந்தது அவர்தான்.

திருநெல்வேலி, கல்லூரி மாணவி: பதிவு போட்ட மறுநாள் ஸ்டேஷனிலிருந்து போன். "66ஏ-ல உள்ள போட்ருவேன், கிளம்பி வா" என்றார்கள். என்ன செய்வது?

முதலில் மூச்சு விடுங்கள் பாப்பா. இணையத்தில் எழுதுவதற்குக் கைது செய்ய வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு இப்போது இல்லவே இல்லை. 2015 மார்ச் 24ல் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. பால் தாக்கரே இறந்தபோது மும்பையில் கடையடைப்பு எதற்கு என்று கேட்டு எழுதிய ஒரு பெண்ணையும், அதற்கு லைக் போட்ட அவள் தோழியையும் 2012ல் பால்கரில் கைது செய்ததிலிருந்து கிளம்பிய வழக்கு அது.

"எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்க சார், வக்கீலோட வர்றேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு எடுத்த எடுப்பில் கைது கூடாது என்பது 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பு. கைதுக்குப் பதிலாக ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ் இப்போது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 35(3)ன் கீழ் வரும். சாட்சியாக விசாரிக்கத்தான் என்றால் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். அது பிரிவு 179. போனைக் கேட்டால் எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள். பதிவை அழிப்பதற்கு முன் என்னைக் கூப்பிடுங்கள். அழித்தால் பயந்துவிட்டதாகவும் எடுத்துக்கொள்வார்கள், தடயத்தை மறைத்ததாகவும் சொல்வார்கள்.

ஷார்ஜா: ஊர் அரசியலை இங்கிருந்து எழுதலாமா?

நான் படித்தது இந்தியச் சட்டம் அண்ணா. ஆனால் அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு சைபர் குற்றச் சட்டத்தில், வதந்தியைப் பரப்பினாலே குறைந்தது ஓராண்டுச் சிறையும் ஒரு லட்சம் திர்ஹமும் என்று இருக்கிறது. அங்குள்ள அரசைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். ஊர் விஷயத்தை லீவில் வந்து எழுதுங்கள்.

சேலம்: எழுத ஆரம்பித்ததிலிருந்து பெரியப்பா பேசுவதில்லை.

என் சித்தப்பா 2019 தேர்தலிலிருந்து பேசவில்லை. பொங்கலுக்குக் கரும்பு மட்டும் கொடுத்தனுப்புவார். இதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

தேனித் தம்பி மறுபடியும்: அந்த கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் எங்கே கிடைக்கும்கா?

கோர்ட் வாசலில் ஸ்டாம்ப் வெண்டர் உட்கார்ந்திருப்பார். இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒட்டும்போது ஒன்று கிழியும்.