ஏலத்தில் எடுத்த ஆமி லொறிக்குப் பெரிய டயர் போடலாமா?

கேள்வி: ஆமிக்காரர்கள் ஏலத்தில் விட்ட பழைய போர்வீல் (முன் பின் இரண்டு அச்சும் இழுக்கும்) லொறி ஒன்றை வாங்கி, பெட்டி கட்டி மரக்கறி ஏற்றுகிறேன். பின்னால் ஜோடி டயர், 9.00-20 (சுமார் 9 அங்குல அகலம், 20 அங்குல விட்டமுள்ள ரிம்). மழைக்குத் தோட்டப் பாதையில் அடி தட்டுகிறது. 11.00-20 போட்டால் லொறி உயரும், ரிம் மாற்றத் தேவையில்லை என்று டயர் கடையில் சொல்கிறார்கள். பின்னால் நான்கை மட்டும் மாற்றினால் போதுமா ஐயா?
– வாசகர், கந்தப்பளை

பதில்: காசு கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு லொறிக்குப் பின்னால் போய் நில்லுங்கள். வெளி டயரின் நடுக்கோட்டிலிருந்து உள் டயரின் நடுக்கோடு வரை அளந்து பாருங்கள். 9.00-20 போட வந்த ரிம்மில் அது பெரும்பாலும் 29, 30 செ.மீ. தான் இருக்கும். 11.00-20 டயரின் அகலமே 29 செ.மீ. சொச்சம். அதாவது இரண்டு டயரும் ஒன்றையொன்று உரசாத குறையாக நிற்கும். அதுவும் வெறும் லொறியில். கோவாவையும் உருளைக்கிழங்கையும் ஏற்றியதும் டயரின் பக்கச்சுவர் பிதுங்கும், இரண்டும் தேயும், சூடேறும், கடைசியில் வெடிக்கும். அந்த அளவு டயருக்கு நடுக்கோட்டுக்கு நடுக்கோடு 33 செ.மீ. அளவில் இடம் வேண்டும். 10.00-20க்குக்கூட 32 செ.மீ. போலத் தேவை.

ரிம்மின் அகலமும் இடிக்கும். 9.00-20க்கு 7 அங்குல ரிம், 11.00-20க்கு 8 அங்குல ரிம் என்பதுதான் வழக்கமான பொருத்தம். ஆகவே ‘ரிம் மாற்றத் தேவையில்லை’ என்று சொன்னவர் டயரை விற்கத்தான் சொல்லியிருக்கிறார்.

இது நம்மூர் ஆசை மட்டுமல்ல. அமெரிக்க ஆமியின் எம்35 லொறியும் 9.00-20 ஜோடி டயரில் வந்ததுதான். அதை வாங்கி வைத்திருக்கும் பலர் 11.00-20க்கு ஆசைப்பட்டு, பின்னால் டயர் உரசுவதைப் பார்த்து, கடைசியில் ஜோடியைக் கழற்றிவிட்டு ஒற்றை டயராக ஓட்டுகிறார்கள். பொழுதுபோக்குக்கு ஓட்டுபவருக்கு அது சரி. சுமை ஏற்றிப் பிழைப்பவருக்கு ஆகாது.

சிலர் ‘நடுவில் ஒரு தட்டு வைத்தால் போச்சு’ என்பார்கள். லேத்தில் கடைந்த தட்டை வைத்தால் நட்டுக்குக் கிடைக்கும் புரி குறையும், வெளிச் சக்கரம் வெளியே தள்ளும், பெயாரிங்கும் சீக்கிரம் போகும். நான் அதற்கு ஆமாம் சொல்லமாட்டேன்.

இவ்வளவும் செய்து கிடைப்பது என்ன? விட்டம் ஏறத்தாழ 102 செ.மீ. இலிருந்து 108 செ.மீ. ஆகும். லொறி உயர்வது அதில் பாதி, மூன்று செ.மீ. கொஞ்சம் கூட. அடி தட்டுகிறது என்றீர்களே, எது தட்டுகிறது? அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிபரன்ஷியல் என்றால் டயரால்தான் உயரும். பெட்டியோ டீசல் தாங்கியோ என்றால் தளர்ந்த ஸ்பிரிங் பட்டையைச் சரிசெய்தாலே அந்த மூன்று செ.மீ. கிடைத்துவிடும், செலவும் குறைவு.

அப்புறம் பிரேக். டயர் பெரிதாகும்போது அதே பிரேக் தரையில் பிடிக்கிற வலு சுமார் 6 சதவீதம் குறையும். கியரில் அடக்கி இறங்கும்போது எஞ்சின் கொடுக்கும் பிடியும் அதே அளவு குறையும். வேகமானி 40 காட்டும்போது லொறி 42க்கு மேல் போகும். சமதரையில் இது ஒரு பேச்சே இல்லை. நீங்கள் நுவரெலியாவிலிருந்து றம்பொடை வளைவுகளில் சுமையோடு இறங்குகிறவர்.

பின்னால் நான்கை மட்டும் மாற்றுவது இன்னும் மோசம். சேற்றில் போர்வீல் போடும்போது முன் அச்சும் பின் அச்சும் ஒரே கதியில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். டயர் அளவு வேறாக இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், உடைவது கியர்ப் பெட்டிப் பக்கம். மாற்றினால் ஆறும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஜோடிக்குள்ளும் அப்படித்தான்: ஒன்று புதிது, மற்றது தேய்ந்தது என்று போட்டால் உயரமானதே சுமையில் பெரும்பகுதியைத் தாங்கும். விட்டத்தில் 6 மி.மீ. க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

என்னைக் கேட்டால், நல்ல கட்டையுள்ள (தரையைப் பிடிக்கும் ரப்பர்ப் புடைப்புள்ள) புதிய 9.00-20 ஆறு வாங்குங்கள்.

கேள்வி: ஆமி லொறியில் இருந்த டயர் என்று ஒருவர் பாதி விலைக்குத் தருகிறார். கட்டை அப்படியே இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: கட்டை இருப்பதில் ஆச்சரியமில்லை, அந்த லொறிகள் பல நாள் முகாமில் நின்றவை. ரப்பரின் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் ‘டொட்’ (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முன் செய்த டயர், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். அடுத்து 146/143 போல இரண்டு எண் இருக்கும், டயர் தாங்கும் சுமைக்கான குறி அது. முதல் எண் ஒற்றை டயருக்கு, இரண்டாவது ஜோடியில் உள்ள ஒவ்வொரு டயருக்கும். 146 என்றால் 3000 கிலோ, 143 என்றால் 2725 கிலோ. ஜோடியாகப் போடுபவர் இரண்டாவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சேற்றுக்கு வெட்டிய பெரிய கட்டை ஈரத் தார் ரோட்டில் வழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: கடைக்காரர் பில் தர மறுக்கிறார். என்ன செய்வது?
– வாசகர், ஹட்டன்

பதில்: கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் அப்படிச் சொல்கிறது. டயரின் அளவு, தயாரிப்பு இலக்கம் இரண்டையும் அதில் எழுதி வாங்குங்கள். அதற்கும் மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.