நீச்சல் குளத்தோர இட்லிப்பூ வேலி ஏன் வெளுக்கிறது

ஹோட்டல் நீச்சல் குளத்தை ஒட்டிய இட்லிப்பூ வேலியில் தளிர் மட்டும் மஞ்சளாகிறது, நரம்பு பச்சையாகவே இருக்கிறது, யூரியா போட்டும் பலனில்லை என்று கேட்டிருந்தீர்கள். இது இரும்புச்சத்துக் குறை. யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். யூரியாவை நிறுத்துங்கள்.

மண்ணில் இரும்பு இருக்கும். ஆனால் நடைபாதை சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடுவதால் வேருக்கு அது கிடைப்பதில்லை. இட்லிப்பூவுக்கு மண்ணின் பி.எச். (அமில-கார அளவு; 7-க்கு மேல் போனால் காரம்) 5.5 முதல் 6.5 வரை பிடிக்கும். முதலில் அதை அளந்துவிடுங்கள். 7-ஐத் தாண்டியிருந்தால் மண்ணில் இ.டி.டி.ஏ. (EDTA) வகை இரும்பு உரம் போடுவது வீண், இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகைதான் வேருக்குக் கிடைக்கும்படி நிற்கும்.

செடி சீக்கிரம் தேற, 1 லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், பிறகு 5 கிராம் பெரஸ் சல்பேட் (அன்னபேதி என்னும் இரும்பு உப்பு) கரைத்து, மாலையில் இலையின் இருபுறமும் தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் 3 முறை. கரைசலை அன்றே தீர்த்துவிட வேண்டும். கல்தளத்தில் பட்டால் துருக்கறை பிடித்துக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு. தார்ப்பாய் விரித்துவிட்டுத் தெளியுங்கள். முற்றிய இலை முழுதாகத் தேறாது, புதுத்தளிரின் நிறத்தைப் பாருங்கள்.

பாத்தியில் தண்ணீர் தேங்குகிறதா என்றும் தோண்டிப் பாருங்கள். வேர் மூச்சுத் திணறினாலும் இதே அறிகுறிதான் வரும்.