அழைப்பிதழை மாற்ற முடியாத கருத்தரங்கில் வந்தவர்களைப் பேச வைப்பது எப்படி?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: கல்லூரியில் ஒருநாள் கருத்தரங்கம். தொடக்க விழா, சிறப்பு விருந்தினர், மைய உரை, கட்டுரை வாசிப்பு, நிறைவு விழா, எதையும் தொட முடியாது. இதற்குள், வந்தவர்களே தலைப்பைத் தேர்ந்து அவர்களே நடத்தும் ஒரு கூட்டத்துக்கு இடம் பிடிக்க முடியுமா?

முடியும். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பல ஆண்டுகளாக ஆசிரியராக இருக்கிறேன். இரண்டு முறை முயன்றேன். முதல் முறை முற்றிலும் தோற்றேன். இரண்டாவது முறை நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நீங்களும் என்னைப் போல அமைப்புச் செயலாளராகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மேலே முதல்வரும் நிர்வாகமும், கீழே மாணவத் தொண்டர்கள், நடுவில் நீங்கள். நிதி கொடுத்தவர்களுக்கு அழைப்பிதழ், வருகைப் பதிவேடு, புகைப்படம், பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் எல்லாம் அனுப்ப வேண்டும். இந்த நிலையில் இருப்பவரிடம் வந்து "மேடையைத் தூக்கி எறியுங்கள்" என்று சொல்பவர்கள் ஒரு கருத்தரங்கமும் நடத்தியிருக்க மாட்டார்கள்.

முதல் தோல்வியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாலை நான்கு மணிக்குத் "திறந்த விவாதம்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். மைக்கைக் கூட்டத்துக்குள் அனுப்பினேன். வாங்கிய முதல் இருவரும் "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்து ஆளுக்கு இருபது நிமிடம் பேசினார்கள். பின்வரிசையில் இருந்த பெண்கள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நேரம் முடிந்தது. குற்றம் அந்த இருவருடையது இல்லை. மைக்கைக் கொடுத்தால் யாரும் சொற்பொழிவுதான் செய்வார்கள். அதைக் கொடுத்தவள் நான்.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஹாரிசன் ஓவன் என்பவர் 1983இல் ஒரு பெரிய மாநாட்டை ஓராண்டு உழைத்து நடத்தினார். வந்தவர்கள், காபி இடைவேளைதான் எல்லாவற்றையும்விடப் பயனுள்ளதாக இருந்தது என்று சொன்னார்களாம். 1985இல் அவர் அந்த இடைவேளையையே மாநாடாக்கினார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, சுவரைக் காலியாக விட்டார். பேச விஷயம் உள்ளவர் எழுந்து தலைப்பைச் சொல்லி, தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார். வேண்டியவர்கள் அவரோடு சேர்ந்துகொள்வார்கள். ஓப்பன் ஸ்பேஸ் என்று அதற்குப் பெயர். ஆப்பிரிக்காவில் லைபீரியாவின் ஒரு கிராமத்தில் பார்த்த ஊர்க்கூட்டமும் தனக்கு வழிகாட்டியது என்று அவரே சொல்லியிருக்கிறார். "இது வெளிநாட்டுப் பழக்கம், நமக்கு ஒத்துவராது" என்ற சக ஆசிரியர்களிடம் நான் இதைத்தான் சொன்னேன். ஆலமரத்தடியில் உட்கார்ந்து வாய்க்கால் பங்கு பேசிய ஊர்கள் நம்முடையவை. வட்டமாக உட்காருவதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அவருடைய விதி ஒன்று நம் கூட்டங்களில் அப்படியே செல்லாது. இங்கே உனக்குப் பயனில்லை, உன்னால் பிறருக்கும் பயனில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு குழுவுக்குப் போய்விடு என்பார். நம் ஊரில் ஒரு பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போனால் அது அவமரியாதை. அதற்கு நான் கண்ட வழியைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது கருத்தரங்கம் தாமிரபரணிப் பாசனம் பற்றியது. பிசானம் என்னும் நெல் பருவத்தின் அறுவடை முடிந்த பங்குனி மாதம். கால்வாய்ப் பாசன விவசாயிகள், பத்தமடையிலிருந்து பாய் நெய்யும் பெண்கள் சிலர், எங்கள் மாணவர்கள், கட்டுரை வாசிக்க வந்த ஆய்வாளர்கள் என எல்லாருமாக நூறு பேர் இருப்பார்கள்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு மூன்று வாரம் முன்பே முதல்வரைப் பார்த்தேன். குத்துவிளக்கு, பொன்னாடை, மைய உரை எதையும் குறைக்கச் சொல்லவில்லை. மதிய உணவுக்குப் பிறகு எல்லாரும் தூங்கிவழியும் அந்த எழுபத்தைந்து நிமிடத்தை மட்டும் கேட்டேன். அது யாருக்கும் வேண்டாத நேரம் என்பதால் கிடைத்தது. அழைப்பிதழில் "அமர்வு 3: விவசாயிகள் கலந்துரையாடல்" என்று அச்சிட்டோம். அமர்வுத் தலைவர் என்று ஒரு பேராசிரியர் பெயரையும் போட்டோம். அவரிடம் முன்பே போய், "ஐயா, நீங்கள் தொடங்கி வைத்து, கடைசியில் முடித்து வைத்தால் போதும்" என்று கேட்டுக்கொண்டேன். மனமுவந்து ஒப்புக்கொண்டார். அவருடைய மரியாதையும் குறையவில்லை, எனக்கு வேண்டிய நேரமும் கிடைத்தது.

காலையில் மைய உரை. நல்ல மனிதர், பாசனத் துறையில் நீண்ட அனுபவம் உள்ளவர். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று திரையில் படம் போட்டுச் சொன்னார். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளையும் வரிசையாகச் சொன்னார். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் தினமும் காலையில் பத்திரிகையில் முதலில் பார்ப்பதே அந்த அணைகளின் நீர்மட்டம்தான். அந்த எட்டில் ஏதாவது ஒன்றின் தண்ணீரில் விளைந்த சோற்றைத்தான் அவர்கள் சாப்பிடுகிறார்கள். தெரிந்ததைக் கேட்டுக்கொண்டு, தெரியாததைக் கேட்க வழியில்லாமல், கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மனது பொறுக்கவில்லை. உடனே சொல்லிவிடுகிறேன், நான் அவரைக் குறை சொல்லவில்லை. யார் முன்னால் பேசப்போகிறார் என்பதை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்தில் வராந்தாச் சுவரில் பழுப்புத் தாளை ஒட்டி வைத்திருந்தேன். பழைய தினசரி நாட்காட்டித் தாள்களின் வெற்றுப் பின்பக்கத்தைக் கட்டுக் கட்டாக வைத்து, பக்கத்தில் பத்து மாணவர்களை நிறுத்தினேன். வருகைப் பதிவுக்காக வந்து உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கு அன்று முதல் முறையாக ஒரு வேலை கிடைத்தது. "உங்கள் ஊரில் தண்ணீர் பற்றி விடை தெரியாத ஒரு கேள்வி சொல்லுங்கள்" என்று வந்தவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி ஒட்ட வேண்டும். திருத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். எழுதத் தயங்குபவர்கள், எழுதத் தெரியாதவர்கள் எல்லாருடைய கேள்வியும் இப்படிச் சுவருக்கு வந்துவிட்டது. சாம்பாரும் அப்பளமுமாகப் பேசிக்கொண்டே நாற்பதுக்கு மேல் சேர்ந்தன.

இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒரு கடைமடை விவசாயி: "மடை திறந்தாச்சு என்று பேப்பரில் வருகிறது. எங்கள் குளத்துக்கு எத்தனை நாள் கழித்து வருகிறது என்று யார் எழுதி வைக்கிறார்கள்?" பத்தமடைப் பெண்மணி ஒருவர்: "வாய்க்கால் கரைக்கு சிமெண்ட் போட்டால் கோரை எங்கே முளைக்கும்?" பாய் நெய்யும் புல் அது. அன்று வாசித்த கட்டுரைகள் எதிலும் கோரை என்ற சொல்லே இல்லை. வேளாண்மைக் கருத்தரங்குக்குப் பாய் நெய்பவர்களை எதற்கு அழைத்தீர்கள் என்று காலையில் ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார்.

ஒத்த கேள்விகளைச் சேர்த்துக் கட்டியதும் ஏழு கொத்துகள் வந்தன. கொத்துக்கு ஒரு குழு. கேள்வி கேட்டவர்களையே அந்தந்தக் குழுவை நடத்துபவர்களாக ஆக்கினேன். அரங்கத்தில் நாற்காலிகள் தரையோடு திருகி வைத்தவை, அசைக்க முடியாது. அதனால் வராந்தாவிலும் வேப்பமர நிழலிலும் விடுதியிலிருந்து வாங்கிய ஜமுக்காளங்களை விரித்தோம். முதியவர்களுக்கு மட்டும் நாற்காலி. மைக் கிடையாது. பாதி நேரத்தில் கல்லூரி மணியை அடித்து, "எல்லாரும் எழுந்து ஒரு முறை நில்லுங்கள், விரும்பியவர்கள் குழு மாறலாம்" என்று அறிவித்தேன். எல்லாரும் எழுவதால் யாரும் யாரையும் விட்டுப் போனதாக ஆகாது. எழுந்து போகும் விதியை நம் மரியாதைக்குப் பொருந்தச் செய்த வழி இதுதான். பதினைந்து பேராவது மாறினார்கள்.

காலையில் பேசிய விருந்தினரிடம் தயங்கித் தயங்கிப் போய், "ஐயா, முதல் குழுவில் உட்காருங்கள். அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்" என்றேன். பத்து நிமிடம் ஒன்றுமே பேசாமல் கேட்டார். அப்போதுதான் அந்தக் கடைமடைப் பெரியவர் பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். பால் கணக்கு நோட்டு. பின்பக்கத்தில் நான்கு ஆண்டுகளாகக் கார் பருவச் சாகுபடிக்கும் பிசானத்துக்கும் அவர் குளத்துக்குத் தண்ணீர் வந்த தேதிகள். யாரும் கேட்காமல், யாருக்கும் காட்டாமல் எழுதி வைத்திருக்கிறார். "அண்ணாச்சி, இதை ஏன் இதுவரை எங்கும் சொல்லவில்லை?" என்றேன். "யாரும் கேட்கவில்லையே டீச்சரம்மா" என்றார். விருந்தினர் அந்த நோட்டை வாங்கி, தன் குறிப்பேட்டில் தேதிகளைப் பிரதி எடுத்துக்கொண்டு, எந்தெந்த மடையில் தண்ணீர் தங்கியிருக்கலாம் என்று படம் வரைந்து காட்டினார். காலையில் ஒரு மணி நேரம் பேசி அவரால் கொடுக்க முடியாதது அந்த இருபது நிமிடத்தில் கிடைத்தது. தண்ணீரில் படரும் அமலைச் செடி அடைத்த இடங்களை அந்தப் படத்தின் மேலேயே மற்றவர்கள் குறித்தார்கள். கலையும்போது வேறு வேறு ஊர்களைச் சேர்ந்த ஐந்து பேர் தாங்களும் தேதி எழுதுவதாகச் சொன்னார்கள். மூவர் இன்றும் எழுதுகிறார்கள்.

எல்லாக் குழுவும் இப்படி அமையவில்லை. இரண்டு குழுக்கள் மனு எழுதுவதோடு நின்றுவிட்டன. மாதம்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய்ப் பழகியவர்கள், கேள்வியைக் கோரிக்கையாகவே பேசினார்கள். அவர்களோடு உட்கார அனுபவமுள்ள ஒருவரை நான் வைத்திருக்க வேண்டும்.

பிறகு வந்த பேச்சுதான் என்னைச் சுட்டது. "ஒரு கட்டுரைகூடத் தயாரிக்காமல், வந்தவர்களைப் பேசவிட்டு நேரத்தைக் கடத்திவிட்டார்" என்று ஆசிரியர் அறையில் சொன்னார்கள். மூன்று வாரம் நான் அலைந்தது அவர்கள் கண்ணில் படவில்லை. கட்டுரை வாசிப்பு தேவையில்லை என்று நான் எங்கும் சொன்னதில்லை. கட்டுரை வாசித்த சான்றிதழ் ஆய்வு மாணவர்களுக்கு வேலைக்கும், ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வுக்கும் வேண்டும், அதை மறிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் சுவரில் ஒட்டிய எல்லாக் கேள்விகளையும் ஊர்ப் பெயரோடு தட்டச்சு செய்து அறிக்கையின் பின்னிணைப்பாகச் சேர்த்தேன். தணிக்கையில் ஒரு கேள்வியும் வரவில்லை.

கேட்கப்படாத ஒன்றையும் இங்கே எழுதியே ஆக வேண்டும். அன்று வந்த பெண்களில் பாதிப் பேர் அதிகாலையில் வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள். அரங்கத்துக்குப் பக்கத்திலிருந்த பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி காவலரிடம், காவலர் விருந்தினர் காருக்கு வழிகாட்டப் போயிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர்கள் யாரிடமும் சொல்லாமல் பொறுத்திருந்தார்கள். பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் பணம் ஒதுக்குகிறோம், பந்தியில் எத்தனை வகைக் கூட்டு என்று கூடிப் பேசுகிறோம், பெண்கள் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று ஒரு குழுக் கூட்டத்திலும் பேசியதில்லை. இது ஒரு கல்லூரியின் குறை மட்டும் இல்லை, நான் போன பல இடங்களில் இதே கதைதான். இப்போதெல்லாம் என் கருத்தரங்கத்தில் சாவி என் கைப்பையில் இருக்கும்.

உங்களுக்கு எழுபத்தைந்து நிமிடம் கிடைக்காமல் இருபதே நிமிடம் கிடைத்தால் குழு பிரிக்க வேண்டாம், எழுந்து உட்காரவே நேரம் போய்விடும். பக்கத்தில் இருப்பவரோடு இருவர் இருவராகப் பேசச் சொல்லி, சுவரில் கேள்விகளை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறைவு விழா நீண்டாலும் குழுக்களின் நேரத்தை முடிவில் வைக்காதீர்கள். கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் அதற்குள் கிளம்பிவிடுவார்கள், நமக்கு முக்கியமானவர்களே அவர்கள்தான். முதல்வரைப் பார்ப்பதை அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே முடித்துவிடுங்கள். அச்சாகி வந்துவிட்டால் அதன் பிறகு ஒரு வரியைக்கூட யாரும் உங்களுக்காக நகர்த்த மாட்டார்கள்.