மார்ச் மாதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. கல்லூரி மூன்றாம் ஆண்டு முடித்த கையோடு, அமெரிக்க பேஸ்பால் கிளப்கள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் போன ஜூலை தேர்வான உங்கள் மகன் இப்போது அரிசோனாவில், சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமான ஸ்பிரிங் டிரெய்னிங்கில் முதல் முறையாக இருக்கிறார். மேஜர் லீக், அதாவது உச்ச மட்ட அணியின் முகாமுக்கு அவரைக் கூப்பிடவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை. "படிப்பையும் விட்டான், அங்கேயும் எடுக்கவில்லை. திரும்பி வரச் சொல்லட்டுமா?" என்று கேட்கிறீர்கள்.

வரச் சொல்லாதீர்கள். நீங்கள் இதைப் பிளஸ் டூ ரிசல்ட் மாதிரி பார்க்கிறீர்கள், பயம் அங்கிருந்துதான் வருகிறது.

பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் கடைசி வரை 15 அணிகள் அரிசோனாவிலும் 15 அணிகள் ஃபுளோரிடாவிலும் பயிற்சி எடுக்கின்றன. சீசன் தொடங்கும்போது ஒரு மேஜர் லீக் அணியில் 26 பேருக்குத்தான் இடம். அந்த 26-இல் பெரும்பாலான இடங்கள் முகாம் தொடங்கும் முன்பே முடிவாகியிருக்கும். மிச்சமிருக்கும் சில இடங்களுக்குத்தான் நிஜமான போட்டி. எட்டு மாதத்துக்கு முன் கையெழுத்துப் போட்டவர் அந்தப் போட்டியிலேயே இல்லை. தம்பிக்கு இந்த மாதம் முடிவாகப்போவது வேறு விஷயம்: மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் மைனர் லீக்கில், கீழிருந்து மேலாக சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்ற நான்கு படிகளில் எந்தப் படியில் தொடங்குகிறார் என்பது.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் திறமை இல்லை என்று அர்த்தமும் கிடையாது. 2015-இல் சிகாகோ கப்ஸ் அணியின் கிரிஸ் பிரையன்ட் முகாம் ஆட்டங்களில் 9 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். அந்த வசந்தத்தில் வேறு யாரும் அத்தனை அடிக்கவில்லை. அப்படியும் மைனர் லீக்குக்கு அனுப்பிவிட்டு, ஏப்ரல் 17-ஆம் தேதிதான் கூப்பிட்டார்கள். 172 நாள் மேஜர் லீக் அணியில் இருந்தால் ஒரு முழு ஆண்டு சேவைக் கணக்கு. அவருக்கு அந்த வருடம் கிடைத்தது 171. அந்த ஒரு நாள் குறைந்ததால் அவரை இன்னும் ஓர் ஆண்டு வேறு அணிக்குப் போகவிடாமல் வைத்திருக்கும் உரிமை கிளப்புக்குக் கிடைத்தது. அந்த ஆண்டே சிறந்த புதுமுக வீரர் விருதையும், அடுத்த ஆண்டு லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதையும் வாங்கினார்.

சீக்கிரம் மேலே போவதும் எப்போதும் நல்லதில்லை. 2022 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வான ஜாக்சன் ஹாலிடேயை, பால்டிமோர் அணி 2024 ஏப்ரலில் மேலே கொண்டுவந்தது. 34 முறை மட்டை பிடித்து 2 ஹிட்தான், அதாவது 2 முறைதான் பந்தை அடித்து பேஸை அடைந்தார். அந்த மாதமே திருப்பி அனுப்பினார்கள், ஜூலை கடைசியில் மறுபடி கூப்பிட்டார்கள். அத்தனை பேர் கொண்டாடிய பையனுக்கே இதுதான் நடந்தது.

சரி, அப்படியானால் எவ்வளவு காலம் பொறுப்பது? தம்பி மாதிரி கல்லூரி வயதில் கையெழுத்திட்டவரை, சுமார் நான்கு சீசனுக்குள் கிளப் தன் 40 பேர் பட்டியலில் (அந்த 26 பேரையும் சேர்த்த மேஜர் லீக் பட்டியல்) சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி அவரை எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. உங்கள் கணக்கை அந்தக் காலத்துக்குப் போடுங்கள். இரண்டு முழு சீசன் முடிந்தும் டபுள்-ஏ பக்கம் போகவில்லையென்றால், அப்போது நாம் மூவரும் உட்கார்ந்து பேசலாம். நான்கு வருடம் முடியட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டிருக்கச் சொல்லமாட்டேன்.

படிப்பு விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்து, கல்லூரி உதவித்தொகைப் பிரிவு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், மீதமுள்ள செமஸ்டர்களுக்கு இத்தனை டாலர் என்று கிளப் எழுதிக் கொடுத்திருக்கும். ஆட்டத்தை விட்டபின் 2 வருடத்துக்குள் படிப்பைத் தொடங்கினால்தான் அந்தப் பணம் கிடைக்கும். தேதி தவறிப்போய் அதை இழந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கல்லூரி அணியில் இனி ஆட முடியாது, ஆனால் படிக்க யாரும் தடுக்கவில்லை. அவருடைய கல்லூரியில் ஆன்லைன் வகுப்பு இருந்தால், சீசன் முடிந்த பிறகு ஒன்றிரண்டு பாடமாக முடித்துக்கொண்டே வரலாம்.

பணத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். மைனர் லீக் வீரர்களின் 2023 தொழிலாளர் ஒப்பந்தப்படி, அந்த ஆண்டு சிங்கிள்-ஏ வீரருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 26,200 டாலராக இருந்தது, டிரிபிள்-ஏ-வில் 35,800. தங்குமிடம் கிளப் பொறுப்பு. இதில் சேமிப்பது சிரமம். டிராஃப்டில் வந்த போனஸைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், தினமும் ராத்திரி போன் செய்து "ஏதாவது சொன்னார்களா?" என்று கேட்பதை நிறுத்துங்கள் அம்மா. அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை, முகாமிலும் அவர்கள் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். கோச் எதைத் திருத்தச் சொல்லியிருக்கிறார், இந்த வாரம் அது எப்படிப் போகிறது என்று கேளுங்கள். அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். எந்தப் படியில் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஒப்பந்தத்தின் நகலோடு எனக்கு எழுதுங்கள்.