கண்டிப்பான, தவறுகள் செய்த அப்பாவை அவர் இறந்த பிறகு மன்னிக்க முடிந்ததா? பிரிந்த குடும்பம் சேர்ந்ததா?

மன்னித்தேனா என்று இன்னும் தெரியவில்லை. குடும்பம் சேர்ந்தது. சேர்த்து வைத்தது பாசம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் உண்மையில் அது ஒரு வாரிசுச் சான்றிதழ்.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். மார்க் குறைந்தால் பெல்ட்தான். பி.எஃப். கடன் போட்டு எங்களுக்கு ஃபீஸ் கட்டியவரும் அவரேதான், அதையும் சொல்ல வேண்டும். அக்கா வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டதும், "அவ பேரை இந்த வீட்டுல எவனும் எடுக்கக் கூடாது" என்றார். கடைசிவரை மாறவில்லை. சாகும்போது அக்கா பேரைச் சொல்லி அழுதார், பெட்டியில் போட்டோ இருந்தது என்றெல்லாம் எதுவும் இல்லை.

அவர் போன பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போனோம். அதில் மனைவி, பிள்ளைகள் எல்லோர் பெயரும் வர வேண்டும். விரட்டிவிட்ட பிள்ளை என்று அரசாங்கத்தில் தனிக் கணக்கு கிடையாது. சித்தப்பாவோ, "அவளுக்கு ஒண்ணும் கிடையாதுன்னு அண்ணன் சொல்லிட்டுத்தானே போனாரு, பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்து வாங்கிடுங்க" என்றார்.

வாயால் சொன்னது உயில் ஆகாது. எழுதியிருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வீடு அப்பா சுயமாகச் சம்பாதித்தது, பங்குக்கு வரக்கூடிய பாட்டியும் (அப்பாவின் அம்மா) முன்பே தவறிவிட்டார். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும், அக்கா, அண்ணன், நான் என்று எங்கள் மூவருக்கும் சம பங்கு. (பெண்ணுக்குப் பங்கே 2005-இல்தான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆண்டு வந்த சட்டத் திருத்தம் கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்துக்கு. தமிழ்நாட்டில் 1989-இல் கல்யாணமாகாமல் இருந்த பெண்களுக்கு அதுவும் அந்த ஆண்டே கிடைத்துவிட்டது.)

அம்மா அன்றைக்குத்தான் முதல்முறையாக அப்பா பேச்சை மீறினார். "அவ பங்கு அவளுக்கு. ஒரு கையெழுத்தும் வாங்க வேண்டாம்."

அக்காவின் ஆதார் நகல் வேண்டுமே என்று நான் போன் செய்தேன். "எதுல கையெழுத்துப் போடணும்?" என்றுதான் எடுத்த எடுப்பில் கேட்டார். "கையெழுத்தெல்லாம் இல்லக்கா, உன் பேரைச் சேர்க்கணும்" என்றேன். நேரில் வந்தார். வந்ததும் கட்டிப்பிடித்து அழவில்லை, சண்டைதான் போட்டார். அதுவும் அம்மாவிடம்: "அவரு சொன்னா நீ எதுக்கு வாயை மூடிட்டு இருந்தே?" அம்மாவிடம் பதில் இல்லை. ஆனாலும் அக்கா சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

இப்போது பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருகிறார். அப்பா பேச்சு வந்தால் இன்னும் வாக்குவாதம்தான். "அந்த அடி இல்லன்னா நான் டிப்ளமோ முடிச்சிருக்க மாட்டேன்" என்பார் அண்ணன். "உனக்கு அடியோட போச்சு, எனக்கு வீடே இல்லாம போச்சு" என்பார் அக்கா. என்னைக் கேட்டால் இரண்டும் உண்மை. திதிக்கு மட்டும் வர மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். நாங்களும் கூப்பிட்டு வற்புறுத்துவதில்லை.